தமிழ் தெரிந்த இரண்டு கதவுகள்

அந்த வீட்டில் யாராவது “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சொன்னால் பக்கத்துச் சுவர் ஒரு சாண் உள்ளே வரும். சத்தம் கேட்காது, காரை உதிராது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கழற்றிவிட்ட செருப்பு மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் எல்லோரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள். வந்த நாட்டில் எத்தனையோ விநோதங்களைப் பார்த்துவிட்டபடியால், இதுவும் இங்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தது தையல்காரிதான். வீட்டைக் கட்டியவர்கள் அந்த நாட்டுக்காரர்கள். கட்டிய நாளில் அதற்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு தமிழ் பேசுகிறவர்களே அடுத்தடுத்துக் குடிவந்து, ஒரே அடுப்புக்கு அடித்துக்கொண்டு, ஒரே குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு காலம் தள்ளியதில், சுவருக்குத்தான் காது உண்டே, கேட்டுக் கேட்டு வீடும் தமிழ் கற்றுக்கொண்டது. ஆனால் வயசான பிறகு பாஷை படிக்கிறவர்களுக்கு வருகிற கோளாறு அதற்கும் வந்தது. சொல் தெரியும், சாடை தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்து நடுஅறை நிரம்பிவிட, டாக்ஸிக்காரர் “எள்ளு போட்டா எள்ளு விழாது போலிருக்கே” என்று பெருமையாகச் சொன்னார். அன்றிலிருந்து நடுஅறையில் எதைப் போட்டாலும் தரைக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றது. பெருக்குகிறவர்களுக்குச் சௌகரியமாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. மதியம் வேலை முடிந்து வந்த நர்ஸ் “வீட்ல ஒரு ஈ காக்கா இல்லையே” என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் ஓர் ஈ அந்த வாசற்படி ஏறவில்லை. பாலைக் குடித்த பூனையை அவளே ஒருநாள் “போ, இனிமே வராதே” என்று விரட்ட, பூனை எதிர்மதிலில் உட்கார்ந்து நாள் கணக்கில் கத்தியது. தாண்டி வர முடியவில்லை. வீட்டில் இருந்த எல்லோரும் மாறி மாறிக் கூப்பிட்டும் பலனில்லை. கடைசியில் நர்ஸே மனம் இரங்கி “வா” என்றதும் ஒரே தாவலில் உள்ளே வந்து விழுந்தது. அனுப்பின வாய்தான் கூப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம் என்று அப்போது தெரிந்தது. அதன் பிறகு எல்லோரும் நாக்கை அடக்கிப் பேசினார்கள். யாரையாவது நாசமாய்ப் போகச் சொல்ல வேண்டும் போலிருந்தால் தெருமுனை வரை நடந்துபோய், அங்கே நின்று வாய் வலிக்கத் திட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குக் கிளம்பும்போது எல்லோரும் வாசலில் நின்று “போயிட்டு வரேன்” என்பார்கள். நம் ஆட்களில் எவன் ‘போறேன்’ என்று சொல்லியிருக்கிறான்? செத்தவன்தான் போவான், உயிரோடு இருக்கிறவன் போய்விட்டு வருவான். வீடு அதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து, பெட்டி கட்டி, கட்டிப்பிடித்து அழுது, “போயிட்டு வரேன்” என்று கிளம்பியவர்கள்கூடப் பொழுது சாய்வதற்குள் பெட்டியோடு சமையலறையில் நின்றார்கள். எப்படி வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. சரி, வந்தது வந்தாகிவிட்டது என்று அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

சாவிக்காரர் அந்த வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவர். குத்தகை அவர் பெயரில் இருந்தது, எல்லா அறைகளின் சாவியும் அவர் இடுப்பில் இருந்தது. அவர் வருவதற்கு முன்னால் சாவிக்கொத்தின் சத்தம் வரும், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவரும் ஒரு காலத்தில் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றவர்தான், ஆனால் ஏறின ஏணியை எட்டி உதைக்கிற ரகம். புதிதாக ஓர் ஆளைக் கூட்டிவருவார். “நம்ம ஆளுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பார். யார் அறையில் நின்று சொல்கிறாரோ அந்த அறை சுருங்கும். அவருடைய அறை மட்டும் குடிவந்த நாளில் இருந்த அகலத்தில் அப்படியே இருந்தது, ஏனென்றால் அங்கே போய் நின்று அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

தையல்காரியின் தம்பிக்கு இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே உறவு அவன்தான். அவனைக் கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை, ஏணி இல்லாமலே மேல்சுவருக்குக் கை எட்டும் உயரம். அவன் அறைக்கு இரண்டு கதவுகள், ஒன்று நடுஅறைக்கு, ஒன்று கொல்லைக்கு. சுவர்கள் நெருங்கி நெருங்கி அவனால் காலை நீட்டிப் படுக்க முடியாமல் போயிற்று. முழங்காலை மடக்கிப் படுத்துப் படுத்து நடையே கோணிக்கொண்டது. ஒரு சாயங்காலம் சாவிக்காரர் இன்னொரு கட்டிலோடு வந்து நின்றபோது அவன் எழுந்து நேராக அவர் அறைக்குள் போனான். “எத்தனை நாளைக்குத்தான் சார் நாங்களே? நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்” என்றான். சாவிக்காரர் அறையின் சுவர் ஒரு சாண் நகர்ந்தது. அவருடைய ஆளுயரக் கண்ணாடி அலமாரி நெளிந்து, கண்ணாடி இரண்டாக உடைந்தது.

தையல்காரி அப்போது தன் தையல் கடையில் யாரோ ஒருவரின் கால்சட்டையைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் டாக்ஸிக்காரரும் நர்ஸும் இருந்தார்கள். சாவிக்காரர் தம்பியின் பையைத் தூக்கிக் கொல்லைக் கதவுக்கு வெளியே எறிந்தார். தம்பி படி இறங்கி, கோபத்திலும் பழக்கம் விடாமல், “போயிட்டு வரேன்” என்று சொல்ல வாயைத் திறந்தான். சாவிக்காரருக்கு வீட்டின் சட்டம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். “வரேன்னு சொல்லாதே. போறேன்னு சொல்லிட்டுப் போ. சொல்லலேன்னா உங்கக்காவும் இப்பவே உன்கூட தெருவுல நிப்பா” என்றார். தம்பி திரும்பி டாக்ஸிக்காரரைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருத்தி தரையைப் பார்த்தாள். அவன் “போறேன்” என்றான்.

போகிறேன் என்றவன் போய்க்கொண்டே இருந்தான். கடையிலிருந்து திரும்பிய தையல்காரி எதிர்ப்பக்க நடைபாதையில் அவன் நடந்துபோவதைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவன் தலையைத் திருப்பினான், அழுதான், “கால் நிக்க மாட்டேங்குதுக்கா” என்றான், நடந்துகொண்டே வளைவில் மறைந்தான். அவள் ஓடிப் பார்த்தாள். எவ்வளவு ஓடினாலும் அவன் ஒரு தெரு முன்னால்தான் இருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஃபோன் வரும். வேலை கேட்டு உள்ளே போவானாம், கால் பின்வாசல் வழியாக வெளியே கூட்டிவந்துவிடுமாம். உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே பெஞ்சு வழுக்கிப் போகுமாம். சாப்பிட்டதும் தூங்கியதும் எல்லாம் நடையில்தான். அவள் ரயில் ஏறி அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது அவன் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பான்.

அவள் சாவிக்காரர் காலில் விழாத குறைதான். “ஒரு ‘வா’ மட்டும் சொல்லுங்க சார். ஒத்த எழுத்து” என்றாள். அவர் பல் குத்தியபடி, “நானாம்மா போகச் சொன்னேன்? அவனாத்தானே போறேன்னு சொன்னான்?” என்றார். பிறகு தம்பியின் அறைக்குப் போய், புதிதாக வந்திருந்த இரண்டு பேரிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார், அடுத்த மாதம் வந்தவர்களிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி ஒருநாள் அந்த அறையே இல்லாமல் போயிற்று. இரண்டு கதவுகளும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைத் திறந்து நுழைந்தால் மற்றதன் வழியாக வெளியே வந்து விழ வேண்டியதுதான். சாவிக்காரர் அவற்றைப் பெயர்த்துக் கொல்லையில் போட்டுவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பினார். தையல்காரி அந்தக் கதவுகளைப் பழைய போர்வையில் சுற்றிக் கடையின் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது. வயிறு எரிந்தது, வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகவே எரியும் என்பதால் சொல்லாமல் இருந்தாள்.

வருஷங்கள் போயின. அந்த ஊரில் நம் ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது, வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். எப்போதும் ராஜா சாவிக்காரர்தான். உடை எப்போதும் தையல்காரி. அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவு பிடிப்பாள். வாயில் ஊசி இருந்தால் பேச வேண்டியதில்லை, அவளுக்கு அது நல்ல சாக்கு. ஒரு வருஷம் ராஜா கதை கைவசம் இல்லை என்று சங்கத்தில் கைபிசைந்தபோது அவள் ஊசிகளைத் துப்பிவிட்டு, “நான் எழுதுறேன்” என்றாள்.

நாடகத்தின் பெயர் ‘உள்ளே ஆள் இருக்கு’. பிழைக்க வந்த கொஞ்சம் பேர் ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். குளியலறை வாசலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், உள்ளே யாரும் இல்லை. ஒரு பெட்டிக்கு முறை வைத்துச் சோறு ஊட்டுகிறார்கள். ஒருத்தி வராத ஒருவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இருக்கிறாள். வீட்டின் பெரியவர் ஒரு கதவு வழியாகப் போகிறார், இன்னொரு கதவு வழியாக வருகிறார், திரும்பவும் போகிறார். இதில் கதை எங்கே என்று சங்கத்தார் தேடினார்கள். “தலையும் புரியல, வாலும் புரியல” என்றார் டாக்ஸிக்காரர். ஆனால் புரியாத நாடகத்துக்குத்தான் இந்த நாட்டில் மரியாதை என்று சங்கத் தலைவர் எங்கேயோ கேட்டிருந்ததால் ஒப்புக்கொண்டார். சாவிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏம்மா, எனக்கு எத்தனை என்ட்ரி?”

“நாடகம் முழுக்க உங்க என்ட்ரிதான் சார். நீங்க போறதும் வர்றதும்தான் கதையே.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டாக்ஸிக்காரருக்கு அலமாரி வேஷம், நர்ஸுக்கு நாற்காலி வேஷம். அன்றைக்கு வாயே திறக்காமல் நின்றவர்களுக்கு வாயே திறக்காத பாத்திரம் என்று அவள் யாரிடமும் விளக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அட்டையும் துணியும் வைத்து அவள் தைத்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார்கள்.

தையல்காரர்கள் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள், பின்னால் பிரித்து விட வசதியாக. அவளும் நாடகத்தில் அப்படி ஓர் இடம் விட்டிருந்தாள். கடைசிக் காட்சியில் பெரியவர் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு “வா தம்பி, உள்ள வா” என்று சொல்ல வேண்டும். சொன்னால் திரை விழும். நாடகத்தில் சொல்கிற சாக்கிலாவது அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அதுவரைக்கும் அவள் மனதில் கால்வாசி மன்னிப்பு இருந்தது. ஒத்திகையில் சாவிக்காரர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். அவளை நிமிர்ந்து பார்த்தார், எல்லாம் தெரிந்த பார்வை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “இந்த இடம் இழுவையா இருக்கு” என்றார்.

ஒத்திகைக்கு வைத்திருந்தவை ஒட்டுப்பலகைக் கதவுகள். நாடகத்தன்று காலையில் அவள் அவற்றைக் கழற்றிவிட்டு, தம்பியின் அறைக் கதவுகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, மேடையில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக நிறுத்தினாள்.

நாடகம் மத்தியானத்தில் தொடங்கியது. மண்டபம் நிரம்பியிருந்தது. சாவிக்காரர் தன் சொந்தச் சாவிக்கொத்தோடுதான் நடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தார். முதல் காட்சியில் வலப்பக்கக் கதவுக்கு முன்னால் நின்று, சபையைப் பார்த்து, கணீரென்று, “எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நான் போயிட்டு வரேன்” என்றார். இரண்டு கதவுகளும் ஒரு சாண் நெருங்கின. என்ன ஜோடனை என்று சபை கை தட்டியது. கொத்திலிருந்து கைக்கு வந்த ஒரு சாவியைப் பூட்டில் நுழைத்தார். நடிப்புக்காக நுழைத்த சாவி, தெரிந்த சத்தத்தோடு திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. போனார். அந்தக் கதவுகளுக்கு நடுவில்தான் அறை கிடையாதே, போன கையோடு இடப்பக்கக் கதவு வழியாக வந்தார். வந்து சேர உள்ளே என்று ஓர் இடம் இல்லை, வந்த கால் நிற்கவில்லை. மறுபடி போனார், மறுபடி வந்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மேடையை விட்டுக் குதித்து மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஓடினார். அடுத்த கணம் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க மேடைக்கு வந்தார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

“நிறுத்தும்மா!” என்றார், முன்வரிசையில் இருந்த அவளைப் பார்த்து.

“கடைசி வசனம் ஒண்ணு மிச்சம் இருக்கு சார். நீங்கதான் அடிச்சுட்டீங்க” என்றாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து போனார். திரையை இழுத்து மூடினார்கள். சபை கலைந்தது. திரைக்குப் பின்னால் கதவுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் வருஷம் முழுக்க வீராப்பில் கழிந்தது. நர்ஸ் தினமும் போய், அவர் கடக்கிற நேரம் பார்த்து ரொட்டியைக் கையில் திணித்துவிட்டு வந்தாள். தூக்கமும் சவரமும் நடையில்தான். “பேசாம போறேன்னு சொல்லிட்டு வெளிய வந்துருங்க” என்று டாக்ஸிக்காரர் யோசனை சொன்னார். சாவிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். போகிறேன் என்று சொன்னவனின் கதி அவருக்குத் தெரியாதா என்ன? இங்கேயாவது தலைக்கு மேல் கூரை இருக்கிறது. “வா” என்று சொல்லவும் மனம் இல்லை. சொன்னால் அனுப்பியது தான்தான் என்று ஆகிவிடும். தையல்காரி வாரம் தவறாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் எடுத்துப்போன துணியைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் போவதையும் வருவதையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது. அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் “நல்லா இருக்கு, பாக்க நல்லாவே இருக்கு” என்றாள்.

வீட்டில் அவர் இல்லாமல் ஒரு குறையும் இல்லை. யாரும் யாரையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லவில்லை. அவர் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. ஒருநாள் ரொட்டி கொடுக்கப் போன நர்ஸ் இதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். சாவிக்காரர் இரண்டு மூன்று முறை போய் வந்து, “என்னைப் பத்தி யாரும் கேக்கலையா?” என்றார். நர்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றாள். அந்த வாரம் தையல்காரி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. இடப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, கால் இழுக்க இழுக்க, “நான்தான் அனுப்பினேன். வா தம்பி, உள்ள வா” என்றார்.

கதவு திறந்தது. அதன் வழியாகத் தம்பி வந்தான். செருப்பு தேய்ந்து வெறும் வார் மட்டும் பாதத்தில் இருந்தது, காது ஓரம் நரைத்திருந்தது. வந்தவன் நின்றான். நிற்கிறோம் என்பதை நம்பாமல் தன் காலையே குனிந்து பார்த்தான். தையல்காரி மடியிலிருந்த துணியோடு மேடைக்கு ஏறி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “எருமை, அவன் சொன்னா நீ சொல்லிடுவியாடா? நான் தெருவுல நின்னிருக்க மாட்டேனா?” என்றாள். அவன் “நின்னாச்சுக்கா, நின்னாச்சுக்கா” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

சாவிக்காரர் அதற்குள் ஒருமுறை போய் வந்தார். “சொல்லிட்டேன்ல. இப்ப என்னை விடச் சொல்லும்மா” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானா சார் போகச் சொன்னேன்? நீங்களாத்தானே போயிட்டு வரேன்னு சொன்னீங்க?”

அவர் அவளைப் பார்த்தபடியே வலப்பக்கக் கதவு வழியாகப் போய், இடப்பக்கம் வந்து, அப்போதும் அவளையே பார்த்தார். அனுப்பின வாய்தான் கூப்பிட வேண்டும். அவரை அனுப்பியது அவருடைய வாயேதான், தன்னைத் தானே வா என்று எவனால் கூப்பிட முடியும்? தம்பி, “பாவம்க்கா” என்றான். அவள் கதவுகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, வெகு மரியாதையாக, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்” என்றாள். கதவுகள் ஒரு சாண் நெருங்கின.

வீட்டுக்குப் போனதும் தம்பியை நடுஅறையில் உட்காரவைத்து, “நல்லா காலை நீட்டி உக்காருடா” என்றாள். எதிர்ச்சுவர் அவன் கால் நீளத்துக்குப் பின்னால் போய் நின்றது. அப்படிச் சொன்னால் அப்படி ஆகும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்ஸிக்காரரும் நர்ஸும் வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்களையும் உட்காரச் சொன்னாள், காலை நீட்டச் சொல்லவில்லை.

மண்டபத்தில் இப்போதும் எல்லாம் வழக்கம் போல நடக்கிறது. கூட்டம், கச்சேரி, குழந்தைகளின் ஆண்டுவிழா எல்லாம் அந்த மேடையில்தான். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது சாவிக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தால் பேச்சாளர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். குழந்தைகள் கையசைப்பார்கள். புதிதாக நாடகம் எழுதுகிறவர்கள் ஒரு பெரியவர் போய் வருகிற மாதிரி ஒரு பாத்திரத்தை முதலிலேயே வைத்து எழுதிவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, நாடகம் போட்ட அதே நாளில், தையல்காரி வருகிறாள். மேடையேறி, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும்படி ஒரே ஒரு முறை சொல்கிறாள். கதவுகளுக்கு நடுவில் இப்போது ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நிற்க முடியும். அவர் முறையிடுவதை முழுதாகக் கேட்டுவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவுகளுக்குக் கேட்கும்படியாக நின்று, “அப்ப நான் போயிட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டு இறங்குகிறாள். சொன்னபடி, ஒரு வருஷமும் தவறாமல் வருகிறாள்.